கரம்பை மிதிக்கப் போன நாள்

போன வாரம் எங்கள் தெருவில் சாக்கடை தூர் வாரினார்கள். பழங்காநத்தத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு கோலம் போடுகிற அகலம்தான் இருக்கும். அள்ளியதை அப்படியே வாசலுக்கு நேரே குவித்துவிட்டு, காய்ந்ததும் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலையில் விளக்கேற்றி, முருகன் படத்துக்கு ரெண்டு அரளிப்பூ வைத்து, ஊதுபத்தி கொளுத்தினேன். ஊதுபத்தி வாசனையைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு அந்த நாற்றம் பூஜை அலமாரிக்கு முன்னால் வந்து நின்றது.

ஜன்னலைச் சாத்தப் போனேன். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பிள்ளை ஒரு சாக்கை விரித்து அந்தக் குவியலில் இருந்து அள்ளிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை, மொட்டை மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி போடுகிறான். நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது. முட்டி வலிக்கு மாத்திரை தின்கிற பொம்பளை. போன வேகத்தில் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். சேறு அவன் சட்டையெல்லாம் தெறித்தது. "என்ன ஆன்ட்டி, மண்ணுதானே" என்றான். அந்த வார்த்தைக்கு என் கை ஓங்கிவிட்டது. அடித்திருப்பேன். அவன் அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்ததால் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிக்கொண்டேன்.

பக்தியாக இருக்கிறவளுக்கு இத்தனை கோபம் ஆகுமா என்று நீங்கள் கேட்கலாம். மண்ணுதானே என்று இன்னொருவன் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னால்தான் இது விளங்கும்.

கண்மாய்க் கரம்பைக்கு ஒரு வாசனை உண்டு. நாற்றம் இல்லை, வாசனை. மீன் செதில், அல்லிக் கிழங்கு, நனைந்த கல், இது மூன்றையும் ஒரே அம்மியில் வைத்து அரைத்த மாதிரி. கோடையில் தண்ணீர் வற்றி, அடியில் படிந்த வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது காற்று அந்த வாசனையை ஊருக்குள் கொண்டுவரும். அதைத்தான் கரம்பை என்போம். எங்கள் ஊர், அதாவது நான் பிறந்த ஊர், திருநகரைத் தாண்டித் திருமங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். சுற்றிலும் சரளைக்காடு. கரம்பை அடித்தால்தான் அந்தக் காட்டில் கடலையோ மிளகாயோ முகம் பார்க்கும்.

வாசனை வந்தால் பின்னாலேயே சண்டை வரும். கண்மாய்க்குள் அடிதடி இல்லாத கோடையை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் நடுக் கண்மாய் மண் வேண்டும். ஜேசிபி தன் பல்லை இறக்கி ஒரு கடி கடித்தால் டிராக்டர்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையில் நிற்கும். வரிசை என்பது பேச்சுக்குத்தான். ஒருத்தன் குறுக்கே வண்டியை விடுவான், இன்னொருத்தன் அவனை சீட்டிலிருந்து சட்டையோடு இழுத்துக் கீழே போடுவான். காது கிழிந்தவன், பல் போனவன், விரல் மடங்காமல் போனவன் எல்லாம் எங்கள் ஊரில் சாதாரணம். கரையில் கருப்பசாமி அருவாளோடு நிற்பார். அள்ளத் தொடங்குமுன் அவர் காலில் ஒரு கூடை மண்ணைக் கொட்டி, அடித்துக்கொள்ள மாட்டோம் என்று எல்லாரும் சத்தியம் செய்வார்கள். சத்தியம் செய்த கையின் ஈரம் காயுமுன் அடித்துக்கொள்வார்கள். சாமி பார்த்துக்கொண்டுதான் நிற்கும். என்ன செய்யும் பாவம், தினம் தினமா வெட்ட முடியும்.

ஒரு வருஷம் வேளாண்மை ஆபீஸ் அம்மா ஒருவர் வந்து கருப்பசாமிக்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பேசினார். கரையை ஒட்டியும் மடையை ஒட்டியும் அள்ளாதீர்கள், கரை பலவீனமாகும். முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டாதீர்கள். சாக்கடை வந்து சேருகிற மூலையைத் தொடவே தொடாதீர்கள். காட்டில் குப்பல் குப்பலாகக் கொட்டி வெயிலில் காயவிடுங்கள், ஈரத்தோடு பரப்பாதீர்கள். காய்ந்ததும் கல்லும் கண்ணாடியும் பொறுக்கிவிட்டு நாலு விரல் கனத்துக்குப் பரப்பி உழுதுவிடுங்கள். கிணற்றடியில் கொட்டாதீர்கள், மழையில் கரைந்து உள்ளே போகும். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அந்த அம்மா சொன்னது எனக்கு அட்சரம் அட்சரமாக நின்றுவிட்டது. என் தம்பி செல்வம் பின்னால் உட்கார்ந்து, "அம்புட்டையும் கேட்டா மண்ணு அள்ளுறதுக்குள்ள ஐப்பசி வந்துரும்க்கா" என்று என் காதில் சொன்னான். நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தோம்.

அந்த அம்மா சொல்லாத ஒரு விதி எங்கள் வகையறாவில் உண்டு. கரம்பையைப் பரப்பிய பிறகு ஏர் இறங்குமுன் அந்த வீட்டில் பிறந்து கட்டிக்கொடுத்துப் போன பெண் வந்து வெறுங்காலோடு மிதிக்க வேண்டும். காலில் மஞ்சள் பூசி, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, ஒரு மூலையில் தொடங்கி மறு மூலை வரைக்கும் நடக்க வேண்டும். வந்த மண் அதுவரை ஊர் மண்ணாம், அவள் மிதித்த பிறகுதான் வீட்டு மண்ணாம். கொட்டாம்பட்டியில் வாக்கப்பட்ட என் சித்தி மகளிடம் இதைச் சொன்னால், உன்னை எருமை மாட்டுக்குப் பதிலாகக் கூப்பிடுகிறார்கள் என்று கேலி செய்வாள். சொல்லட்டும். வருஷத்தில் ஒரு நாள் என் தம்பி எனக்காக வரப்பில் காத்து நிற்பான். நான் முடிக்கும்வரைக்கும் யாரும் அந்தக் காட்டில் கால் வைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் மறுநாள் எனக்குக் காப்பி கொடுக்கும்போது, "மகாராணி கால் அமுக்கி விடவா" என்று கேட்பார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ரோட்டில் எவனாவது வண்டியை உரசினால்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஆள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொல்ல வந்த அந்தக் கோடையில் கண்மாய்க்குள் என் தம்பிக்கும் ராசுவுக்கும் முட்டிக்கொண்டது. ராசு பக்கத்துக் காட்டுக்காரன். தம்பியின் டிராக்டருக்கு முன்னால் அவன் தன் வண்டியை நுழைத்தான். தம்பி இறங்கிப்போய் ஜாக்கிக் கம்பியால் அவன் வாயிலேயே ஒரு அடி வைத்துவிட்டான். ராசுவின் முன்பல் கரம்பையில் விழுந்து, தேடியும் கிடைக்கவில்லை என்றார்கள். கருப்பசாமி முன்னால் கூட்டம் கூடி, ரத்தம் வரவைத்தவனுக்கு இந்த வருஷம் மண் கிடையாது என்று தீர்த்துவிட்டார்கள். அப்போது வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்த ராசு, துண்டை எடுத்துவிட்டு ஒன்று சொன்னானாம்.

"என்னடா செல்வம், இந்த வருஷம் ஒங்க அக்கா வந்து வெறுஞ் சரளையத்தான் மிதிக்கணுமோ?"

பல்லில்லாமல் சொன்னதால் பாதி காற்றாக வந்ததாம். ஊரே சிரித்ததாம். தம்பி சிரிக்கவில்லை.

மதுரைக்குள் கழிவுநீர் வாய்க்கால் தூர் வாருகிற லாரிகள் கொட்ட இடம் தேடி எங்கள் பக்கம் அலையும். தம்பி போய்க் கையைக் காட்டி நிறுத்தி, என் காட்டில் கொட்டு என்று சொல்லிவிட்டான். அவர்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. கருகருவென்று லாரி லாரியாகக் கொட்டினார்கள். இவன் காயவும் விடவில்லை, பொறுக்கவும் இல்லை. ஈரத்தோடு இழுத்துவிட்டு, யாரிடமோ கெஞ்சி வாங்கிய ரெண்டு நடை நல்ல கரம்பையை மேலாகத் தூவி மூடிவிட்டான். பாயசத்தில் முந்திரி மிதக்கிற மாதிரி. எனக்கு இதெல்லாம் பிறகுதான் தெரியும். எனக்கு வந்தது போன் மட்டும்தான். "அக்கா, மண்ணடிச்சாச்சு. வெள்ளிக்கிழம வந்துரு."

நானும் எங்கள் வீட்டுக்காரரும் அவர் லோடு ஆட்டோவிலேயே போனோம். வெயில் ஏறாத காலை. வரப்பில் தம்பியும் அவன் பெண்டாட்டி ராணியும் நின்றிருந்தார்கள். அடுத்த காட்டில் ராசு வரப்பு வெட்டிக்கொண்டு, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். வாசனை எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் தம்பி முகத்தில் அத்தனை சந்தோஷம். முருகா என்று சொல்லி இறங்கினேன். நாலைந்து எட்டு வைத்ததும் மேல் மண் உடைந்து கால் உள்ளே போனது. உள்ளே குளிர்ச்சியாக, கொழகொழவென்று. காலை எடுக்க அழுத்தினேன் பாருங்கள், ஏதோ ஒன்று அடியிலிருந்து என் பாதத்தை வாயால் கவ்விப் பிடித்தது. பாம்பு என்றுதான் நினைத்தேன். பாட்டிலின் உடைந்த கழுத்து. கட்டை விரலுக்குக் கீழே நுழைந்து எலும்பைத் தொட்டு நின்றது. நான் சாய்ந்து உட்கார்ந்தேன். வழுக்கிவிட்டேன் என்று நினைத்து, "என்னக்கா, வயசாயிருச்சா?" என்று தம்பி சிரித்தான்.

எங்கள் வீட்டுக்காரர் ஓடிவந்து என் காலைத் தூக்கினார். மஞ்சள் காலில் கறுப்புச் சேறு, அதற்கு மேல் சிவப்பாக ரத்தம் கொட்டுகிறது. அவர் சேற்றுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். முடிக் கற்றை, சலைன் டியூப், கண்ணாடிச் சில்லு. மூக்குக்குக் கொண்டுபோனார்.

"எங்கருந்துடா கொண்டாந்த இத?"

"மண்ணுதான மச்சான். ஒரு மழ விழுந்தா எல்லாம் மண்ணுதான்."

அந்தச் சொல் முடிந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. வரப்பில் குத்தி வைத்திருந்த மண்வெட்டி அவர் கைக்கு எப்படி வந்தது என்றும் தெரியாது. காற்றை அறுத்துக்கொண்டு ஒரு சத்தம், அதன் பின்னாலேயே பச்சை மட்டை ஒடிகிற மாதிரி இன்னொரு சத்தம். தம்பியின் வலது தோளில் தகடு இறங்கியிருந்தது. அவர் அதை உருவிக்கொண்டு மறுபடி ஓங்கினார். தம்பி இடது கையால் ஒரு கல்லை எடுத்து அவர் நெற்றியில் அறைந்தான். ராணி பாய்ந்துவந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள், நாய் எலும்பைக் கடிக்கிற கடி. அவர் அவளை உதறினார், அவள் விடவில்லை. கையிலிருந்து தொங்கினாள். நான் சேற்றில் உட்கார்ந்தபடி முருகா என்று கூப்பிட்டேனா, மூதேவிகளே என்று திட்டினேனா, நினைவில்லை. ரெண்டும் இருக்கும்.

மண்வெட்டி மூன்றாம் தடவை மேலே போனது. இம்முறை அது தம்பியின் தலைக்கு நேராக இருந்தது. அதைப் பின்னாலிருந்து பிடித்தது ராசு. பல் போன அதே ராசு. எங்கள் வீட்டுக்காரரை இடுப்போடு கட்டிப்பிடித்து, "போதும்ணே, செத்துருவான்ணே, அக்கா பாக்குதுண்ணே" என்று சொல்லிச் சொல்லியே அவரை மண்ணில் சாய்த்தான்.

விழுந்து எழுந்தவர் வேறு ஆள். யாரோ வெட்டிப் போட்டதைப் பார்க்கிற மாதிரி தம்பியைப் பார்த்தார். பிறகு குனிந்து, தான் வெட்டியவனைத் தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு லோடு ஆட்டோவுக்கு ஓடினார். ஆம்புலன்ஸ் வருகிறவரை தாங்காது என்றான் ராசு. பின்னால் வெங்காயச் சாக்குகளின் மேல் நான் உட்கார, தம்பியின் தலை என் மடியில். ராணி அவன் தோளில் தன் சேலையைப் பந்தாக வைத்து அமுக்கினாள். ராசு என் காலை அமுக்கினான். வெட்டினவர் வண்டியை ஓட்டினார், நெற்றி ரத்தம் கண்ணில் வழிய வழியத் துடைத்துக்கொண்டு. மதுரை ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி கண்ணைத் திறக்காமல் சொன்னான்.

"அக்கா, மச்சான மெதுவா ஓட்டச் சொல்லு. ஒனக்கு வலிக்கும்."

திருநகர் தாண்டியதும் திருப்பரங்குன்றம் மலை தெரிந்தது. என்னிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? என் காலை எடுத்துக்கோ, இவன் உயிரை விட்டுவிடு என்று வேண்டினேன். கால் புரையோடிக் கடைசியில் கட்டை விரலை வெட்டியதோடு நின்றது. காலையே தருகிறேன் என்றவளிடம் விரல் மட்டும் எடுத்துக்கொண்டான். என் முருகன் அப்படித்தான், ஆசைப்பட மாட்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த போலீஸ்காரர் தோள் காயத்தைப் பார்த்ததுமே கேட்டார், யார் வெட்டினது என்று. எங்கள் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். சொல்லியிருப்பார், பொய் வராத வாய். ஸ்டிரெச்சரில் கிடந்த தம்பி முந்திக்கொண்டான்.

"மச்சான், வண்டிய அங்கிட்டுத் தள்ளி நிப்பாட்டுங்க, ஆம்புலன்ஸ் வழிய மறிக்குது." அவர் தயங்கினார். "போங்க மச்சான்" என்றான். அவர் போன பிறகு போலீஸ்காரரிடம், வரப்பில் வழுக்கி மண்வெட்டி மேலேயே விழுந்துவிட்டேன் என்றான். அக்காவுக்கு? அவளும் வழுக்கிவிட்டாள். அவர் நெற்றி? எங்களைத் தூக்க வந்து அவரும் வழுக்கினார். போலீஸ்காரர் ராசுவைப் பார்த்தார், அவன் வாயைப் பார்த்தார். "நீயும் வழுக்கிட்டியா?" என்று கேட்டார். "ஆமாங்கய்யா, நா முன்னாடியே வழுக்கிட்டேன்" என்றான் ராசு. அந்த இடத்தில், அந்த ரத்தத்தில், எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டு அழுவதற்குத்தான் அது ஆரம்பம்.

தம்பி பிழைத்தான். வார்டில் அவனுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு ராணி என் கட்டிலுக்கு வந்தாள். சேலையில் இன்னும் கறை இருந்தது. குரலை உயர்த்தவில்லை.

"மதினி, ஒங்க தாலிக்காக எம் புருசன் பொய் சொல்லிட்டாரு. நானும் போலீசுல சொல்ல மாட்டேன். ஆனா இனிமே எங்க வாசலுக்கு நீங்க வர வேணாம். மண்ணு மிதிக்கவும் வேணாம்."

அவள் சொன்னதில் எந்தச் சொல் தப்பு?

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீடு என்பது என்ன என்று பெண்கள் உங்களுக்குச் சொல்வார்கள். புருஷனோடு சண்டை வந்தால் போய் நிற்கிற இடம் என்பார்கள். எனக்கு என் புருஷன் ஜெயிலுக்குப் போகாமல் கிடைத்தார், அதற்கு ஈடாக அந்த வாசல் போனது. அவர் அதற்குப் பிறகு மண்வெட்டியைக் கையால் தொட்டதில்லை. செடிக்குக் குழி தோண்டக்கூட ஆள்தான் கூப்பிடுவார். தம்பி அந்தக் கறுப்பு மண்ணை ஆள் விட்டுச் சுரண்டி எடுத்துக் கல்குவாரிப் பள்ளத்தில் போட்டான் என்று கேள்விப்பட்டேன். ஆனாலும் பல வருஷம் அந்தக் காட்டில் போட்டது முளைக்கவில்லையாம், முளைத்ததைத் தின்ன மாடும் வரவில்லையாம். அவன் வலது கை தோளுக்கு மேல் தூக்காது. கிருத்திகைக்குத் திருப்பரங்குன்றத்தில் ஒருமுறை தூரத்தில் பார்த்தேன். எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார்கள், அவன் நெஞ்சுக்கு நேரே கூப்பினான். கூட்டம் நகர்ந்துவிட்டது.

இந்தக் கோடையில் ராணி போன் செய்தாள். அத்தனை வருஷம் கழித்து. முறையாக எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, நடுக் கண்மாய்க் கரம்பை அடித்திருக்கிறார்களாம். "வாங்க மதினி" என்றாள். அவ்வளவுதான். ஏன், எப்படி என்று நான் கேட்கவில்லை. கொடுக்கிற சாமியிடம் கேள்வி கேட்கக் கூடாது.

விரல் இல்லாத காலில் மஞ்சள் பூசும்போது எனக்கே சிரிப்பாக இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் வண்டியைக் கால்வாய்ப் பாலம்வரை கொண்டுவந்து நிறுத்தினார். "நீ போயிட்டு வா. நா இங்கனயே இருக்கேன்" என்றார். ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

காட்டில் கரம்பை வெயிலில் உதிர்ந்து மாவு மாதிரி கிடந்தது. நாலு விரல் கனம், அளந்து பரப்பினது போல. வரப்போரம் ஒரு சாக்கு நிறையக் கிளிஞ்சலும் ஓட்டாஞ்சில்லும் கல்லும் தம்பி பொறுக்கி வைத்திருந்தான். அந்த மீன் செதில் வாசனை வந்தது. தம்பி நரைத்திருந்தான். என்னைப் பார்த்து அந்த வலது கையை எத்தனை உயரம் முடியுமோ அத்தனை உயரம் தூக்கிக் காட்டினான். ராணி செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள்.

நான் குனிந்து செருப்பின் வாரை அவிழ்க்கப் போனேன்.

"செருப்பக் கழட்டாத, அக்கா."

நிமிர்ந்து பார்த்தேன். "சுத்தமாத்தான இருக்கு" என்றேன்.

"சுத்தமாத்தான் இருக்கு. நாந்தான் மூணு தடவ கிளறிப் பொறுக்கினேன். இருந்தாலும் கழட்டாத."

ராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் செம்பை வாங்கிக்கொண்டு இறங்கினேன். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நடந்தேன். எதுவும் குத்தவில்லை. குளிர்ச்சியும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை. அந்தக் கடைசியில் நின்று திரும்பிப் பார்த்தேன். கரம்பை முழுக்கக் கோடு கோடாக ரப்பர் அச்சு பதிந்திருந்தது. என் கால் அதில் இல்லை.